வீட்டிலிருக்கும் முதியோரின் பசி

போரையும் அரசுரிமையையும் வரலாற்று நூல்கள் விரிவாக எழுதுகின்றன. பெரும் பஞ்சங்களுக்கும் அவற்றில் சில பக்கங்கள் உண்டு. ஆனால், மழை தவறாது பெய்து, சந்தையில் தானியம் குவிந்து, வீட்டில் அடுப்பும் எரிந்துகொண்டிருக்கும் காலத்தில், அதே வீட்டின் திண்ணையில் ஒரு முதியவர் போதிய உணவின்றி மெலிந்துபோவதை எந்த வரலாற்று ஆசிரியரும் பெரிதாகக் குறிப்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்த எனக்கு இது ஒரு பெரிய விடுபாடாகவே தோன்றுகிறது. முதியோரின் பசியைச் சமுதாயம் எப்போது கண்டது, அறிவியல் அதை எவ்வாறு அளந்தது, அரசு அதற்கு என்ன செய்தது, நாம் செய்ய வேண்டியது யாது என்பவற்றை, நம் கொங்கு நாட்டை நடுவாக வைத்து, இன்று முறையாக ஆராய்வோம்.

முதலில் தாது வருடப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய அப்பஞ்சத்தில் கோயமுத்தூர் மாவட்டமும் பெருந்துயருற்றது. அன்றைய அரசு ஏரி வெட்டுதல், சாலை போடுதல் போன்ற வேலைகளைத் தொடங்கி, வேலை செய்தோர்க்குக் கூலி கொடுத்தது. 1877ஆம் ஆண்டு தொடக்கத்தில், பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைக்கும் பொருட்டு, நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசுமே போதும் என்று விதித்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். வயிற்றை நிரப்பும் தானியம் மட்டும் உடலைக் காக்காது, தசையை வளர்க்கும் பருப்பு முதலியனவும் வேண்டும் என்பது அவர் வாதம். சில மாதங்களில் அரசு இறங்கிவந்து கூலியளவை உயர்த்தியது. ஓர் உயிர் வாழ எவ்வளவு உணவு வேண்டும் என்ற கேள்வி நம் மாகாணத்தில் அரசாங்கக் கடிதங்களின் வழியாகப் பொதுவில் விவாதிக்கப்பட்ட பெருநிகழ்ச்சி இது.

அந்த விவாதத்துள் இன்னொரு கேள்வியும் இருந்தது. மண்வெட்டி பிடிக்க இயலாத கிழவனும் கிழவியும் என்ன செய்வர்? வேலைத்தளம் வரை நடந்து வர இயலாதவர்க்கு வேலைக்கூலியால் யாது பயன்? பஞ்சத்துக்குப் பின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1880இல் தந்த அறிக்கையும், அதை ஒட்டி எழுந்த பஞ்ச விதிகளும் இதற்கு ஒரு விடை கூறின. உழைக்க இயலாதோர்க்கு அவரவர் ஊரிலேயே இலவச உதவி தரவேண்டும் என்பதே அந்த விடை. உதவி தேடி முதியவர் வருவதற்குப் பதிலாக, முதியவரைத் தேடி உதவி செல்லவேண்டும் என்ற கருத்து அங்கே முளைவிட்டது. எனினும் அது பஞ்ச காலத்துக்கு மட்டும் உரிய விதியாகவே நின்றது. பஞ்சம் நீங்கியவுடன் முதியவர் மீண்டும் குடும்பத்தின் பொறுப்பாயினார்.

இனி, அறிவியல் கண் திறந்த கதையைக் கூறுகிறேன். அது நம் வீட்டு வாசலிலிருந்து தெரியும் நீலமலையின் மேலேயே நிகழ்ந்தது. 1918ஆம் ஆண்டில் சர் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் குன்னூரில் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். சிறியதாகத் தொடங்கிய அம்முயற்சி பின்னர் உணவூட்ட ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியன கொண்ட பஞ்சாபு சீக்கியரின் உணவை உண்ட எலிகள் கொழுமையாக வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை கடைசியில் நின்றன. 1935இல் அவருக்குப் பின் வந்த டாக்டர் அய்க்ராயிடு, இந்திய உணவுப் பொருள்களின் சத்தளவுகளைப் பகுத்தாய்ந்து, யாவரும் பயன்படுத்தத்தக்க அட்டவணைகளாக 1937இல் வெளியிடச் செய்தார். அக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்னும் பெயர் பெற்றது.

மக்காரிசன் குறை கண்டது தீட்டிய அரிசியைத்தான். அந்நாளில் கொங்கு நாட்டு உழவரின் அன்றாட உணவு அரிசியன்று. கம்பஞ்சோறும், சோளச்சோறும், ராகிக் களியும், கொள்ளுப் பருப்பும், தட்டைப் பயறும், மோருமே அவர்களை வளர்த்தன. அரிசிச் சோறு விருந்துக்கும் நோன்புக்கும் உரியதாக இருந்தது. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ அது மிகச் சொற்பம். நெல்லைப் புழுக்கிக் குத்தும் நம் வழக்கமும் பொருளற்றதன்று. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆதலின் பின்னர்த் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. கோயமுத்தூர் வேளாண் கல்லூரியில் சிறுதானியங்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகப் பணியாற்றி வருவதும் நமக்குப் பெருமை தருவதாகும்.

அக்காலத்தில் அப்பாருவும், அப்புச்சியும், அம்மாயியும் மக்கள் நிறைந்த வீட்டில் வாழ்ந்தனர். பல் போன கிழவிக்குக் களி எளிதாக இறங்கிற்று. பக்கத்தில் பேரக்குழந்தை அமர்ந்து உண்டது. ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமென்று நான் புகழ விரும்பவில்லை. வறுமை மிக்க வீட்டில் உழைக்கும் ஆணுக்கு முதலும், பிள்ளைக்கு அடுத்தும், கைம்பெண்ணான கிழவிக்குக் கடைசியுமாகவே சோறு பங்கிடப்பட்டது. பசியைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை என்று அவள் பழக்கப்பட்டிருந்தாள். அப்பழக்கம் இன்றும் முற்றும் மறையவில்லை.

பின்னர் ஆலைகள் வந்தன. 1888இல் கோயமுத்தூரில் முதல் நூற்பாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின், பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் ஆலைச் சங்குகள் ஒலிக்கலாயின. ஊர்ப்புறத்துக் குடும்பங்கள் ஆலையை ஒட்டிய வரிசை வீடுகளில் குடியேறின. மாதக் கூலி வந்தது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் 1950களில் கோயமுத்தூருக்கு வந்தது. சிங்காநல்லூரில் அதன் மருத்துவமனை இன்றும் நிற்கிறது. 1981இல் சிங்காநல்லூர் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. பின்னர் ஆலைகள் பல மூடப்பட்டன. பிள்ளைகள் வேலை தேடித் திருப்பூருக்கும், பெங்களூருக்கும், கடல் கடந்தும் சென்றனர். ஆலையில் உழைத்து ஓய்ந்த கிழவரும் அவர் மனைவியும், பிறகு அவ்விருவருள் எஞ்சிய ஒருவரும், அதே வரிசை வீட்டில் தனித்திருந்தனர். ஒருவருக்காக மட்டும் உலை வைப்பது யாருக்கும் ஊக்கமளிக்கும் செயலன்று. காலையில் சமைத்த சோற்றையே இரவிலும் ரசம் ஊற்றி உண்பதும், பிறகு அதையும் விட்டுத் தேநீரும் பன்னுமாகப் பொழுதைக் கழிப்பதும் இவ்வாறுதான் தொடங்குகின்றன.

அரசு இதனைக் காணாமல் இருந்ததென்று கூற முடியாது. சென்னை மாநிலத்தில் 1962 ஏப்ரல் 1ஆம் நாள் முதியோர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆதரவற்ற முதியோர்க்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை தருவதே அதன் நோக்கம். 1995 ஆகஸ்டு 15 முதல் நடுவண் அரசும் நாடு தழுவிய முறையில் மாதம் 75 ரூபாய் அளிக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அத்தொகை படிப்படியாக உயர்ந்து 2011இல் 1,000 ரூபாயும், 2023இல் 1,200 ரூபாயும் ஆயிற்று.

பணத்தோடு சோறும் தரவேண்டும் என்ற எண்ணம் இங்கு முன்னதாகவே செயலாயிற்று. காமராசர் காலத்தில், 1956இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் தொடங்கியதை நீங்கள் படித்திருப்பீர்கள். 1982 ஜூலை 1ஆம் நாள் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியது. மறு ஆண்டில், அதாவது 1983இல், முதியோர் ஓய்வூதியம் பெறுவோரும் அதே மையங்களில் மதிய உணவு பெற வழி செய்யப்பட்டது. பிள்ளையின் பசியும் பாட்டியின் பசியும் ஒரே அடுப்பில் தணிக்கப்பட்ட இந்நிகழ்ச்சி நம் மாநில வரலாற்றில் தனிச் சிறப்புடையது.

அப்போது நான் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியன். நண்பகல் மணி அடித்ததும், பிள்ளைகளின் வரிசைக்குப் பக்கத்தில் அலுமினியக் கிண்ணங்களோடு ஆறேழு முதியவர் வேப்பமரத்தடியில் நிற்பதை நாள்தோறும் கண்டேன். அவர்களுள் ஒருவர் முன்னாள் ஆலைத் தொழிலாளி. ஒரு வாரம் அவர் வரவில்லை. சமையல் உதவியாளராயிருந்த அம்மாள்தான் அதை முதலில் கவனித்து என்னிடம் கூறினார். அவர் தெருவிலிருந்து வரும் ஒரு மாணவனை உடனழைத்துச் சென்று பார்த்தேன். முழங்கால் வீங்கி, நடக்க இயலாது படுத்திருந்தார். "ஏனுங்கய்யா, யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே?" என்றேன். "பிள்ளைகளுக்கு வைக்கிற சோறுங்க வாத்தியாரே. அதைக் கொண்டாந்து கொடுங்கன்னு எப்படிக் கேக்கறது?" என்றார் அவர். மறுநாள் முதல் அந்த மாணவனே கிண்ணத்தை எடுத்துச் சென்றான். இரண்டு மாதங்களில் அவர் தடி ஊன்றி மீண்டும் வேப்பமரத்தடிக்கு வந்தார்.

இந்த நிகழ்ச்சியில் 1877ஆம் ஆண்டின் கேள்வியே மீண்டும் எழுவதைக் காணலாம். உணவு இருந்தது. உரிமையும் இருந்தது. இடையிலிருந்த அரைமைல் தூரத்தைக் கடக்கத்தான் கால் இல்லை. பிற நாட்டாரும் இக்கேள்விக்கு விடை தேடியுள்ளனர். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943இல், இங்கிலாந்தின் தன்னார்வப் பெண்டிர் சமைத்த உணவை முதியோர் வீடுகளுக்கு வண்டியில் கொண்டுசென்று கொடுத்தனர். 1954இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலும் அவ்வழக்கம் தோன்றியது. 1972இல் அமெரிக்க அரசு முதியோர் உணவுக்கெனத் தேசியத் திட்டம் ஒன்றைச் சட்டமாக்கியது. உணவு கொண்டுசெல்பவர் கதவைத் தட்டுவதும் மருந்துக்கு ஒப்பானது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்தனர். வீழ்ந்து கிடப்பவரையும், காய்ச்சலில் இருப்பவரையும் முதலில் காண்பவர் அவரே அன்றோ?

"வயதானால் மெலிவது இயல்புதானே?" என்று நீங்கள் கேட்கலாம். மிகப் பலர் நம்பும் தவறான கருத்து இது. 1944, 1945ஆம் ஆண்டுகளில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து, ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்று உணவில் வாழ்ந்தனர். உடல் எடையில் கால்பங்கு குறைந்தது. அதோடு அவர்கள் நடை தளர்ந்தனர். குளிர் தாங்காமல் நடுங்கினர். பேச்சில் விருப்பமிழந்து, எரிச்சலுற்று, ஒதுங்கி அமர்ந்தனர். முதுமையின் அடையாளமென்று நாம் கருதும் யாவும் அந்த இளைஞரிடம் தோன்றின. போதிய உணவு கிடைத்தபின் அவர்கள் படிப்படியாகத் தேறினர். ஆகவே, திண்ணையில் சோர்ந்து அமர்ந்திருக்கும் முதியவரின் சோர்வில் எவ்வளவு முதுமை, எவ்வளவு பசி என்று பிரித்துப் பார்ப்பது நம் கடமையாகிறது.

2017, 2018ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் நடைபெற்ற முதுமை பற்றிய பெரும் ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியருள் நால்வரில் ஒருவர்க்கு மேல் எடைக்குறைவுடையோர் என்று காட்டியது. இதற்குக் காரணங்கள் பல. நாவின் சுவையும் மூக்கின் உணர்வும் மங்குகின்றன. சிறிது உண்டாலே வயிறு நிறைந்தாற்போலத் தோன்றுகிறது. பல் இல்லாமையால் காயும் கடலையும் விலக்கப்படுகின்றன. சில மருந்துகள் பசியைக் கெடுக்கின்றன. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்பார்மின் அத்தகையது. அதை நெடுநாள் உட்கொள்வோர்க்குப் பி12 உயிர்ச்சத்தும் குறையக்கூடும். துணையை இழந்த துயரம், தனிமை, மறதி ஆகியவை சேர்கின்றன. சர்க்கரை, கொதிப்பு என்று ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வோர் உணவை விலக்கி, இறுதியில் உண்பதற்கு ஏதுமில்லாத பத்தியத்தில் வாழ்வோரும் உளர். எடை குறைந்தால் தசை குறைகிறது. தசை குறைந்தால் தடுக்கி விழுகின்றனர். எலும்பு முறிந்து படுத்தால் பசி இன்னும் குறைகிறது. புண் ஆறாது, நோய்த்தொற்று எளிதில் பற்றும்.

இதைக் கண்டறியப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்தல் போதும். ஆறு மாதத்தில், தாமாக முயலாமலே, எடையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் குறைந்தால் அது எச்சரிக்கை. 50 கிலோ உடையவர்க்கு அது இரண்டரைக் கிலோ. எடை பார்க்க இயலாவிட்டால், கெண்டைக்காலின் பருத்த பகுதியை நாடாவால் அளந்து பாருங்கள். 31 சென்டிமீட்டருக்குக் குறைவாயின் ஐயுற வேண்டும். இடுப்பு வேட்டி தளர்வதும், வளையல் முழங்கை வரை ஏறுவதும், கட்டுப்பல் கழன்று ஆடுவதும் எவரும் காணத்தக்க குறிகளே. எடை குறைவதைக் கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். காசநோய், புற்றுநோய், தைராய்டுக் கோளாறு போன்றவை உள்ளே ஒளிந்திருக்கலாம்.

உணவால் திருத்துவது எவ்வாறு? ஒரு சிறு கணக்குப் போடுவோம். முதியவர்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பர் இன்றைய அறிஞர். 50 கிலோ எடையுள்ளவர்க்கு 50 கிராமுக்குக் குறையலாகாது. 200 கிராம் அரிசியைச் சமைத்து வெறும் ரசத்தோடு மூன்று வேளை உண்டால் கிடைப்பது 14 கிராமே. அதனோடு 40 கிராம் பருப்பைக் கடைந்து சேர்த்தால் 9 கிராம் கூடும். ஒரு முட்டை 6 கிராம். ஒரு குவளைப் பாலும் ஒரு கிண்ணத் தயிரும் 12 கிராம். வறுத்துப் பொடித்த நிலக்கடலை 25 கிராம் சேர்த்தால் மேலும் 6 கிராம். மொத்தம் 47 ஆயிற்று. மாலையில் ஒரு பிடி பச்சைப்பயற்றை வேகவைத்துக் கொடுத்தால் தேவை நிறைவேறுகிறது. இவற்றுள் எதுவும் சிங்காநல்லூர் மளிகைக் கடையில் கிடைக்காத பொருளன்று. சிறுநீரக நோயுடையோர் மட்டும் மருத்துவர் கூறும் அளவையே பின்பற்ற வேண்டும்.

உணவின் அளவைக் கூட்டுவதைவிடச் செறிவைக் கூட்டுவதே முதியவர்க்கு ஏற்றது. ஒரே கிண்ணக் கஞ்சியில் நெய்யோ நல்லெண்ணெயோ ஒரு கரண்டி, பால் மாவு ஒரு கரண்டி, கடலைப் பொடி ஒரு கரண்டி கலந்தால், வயிற்றில் இடம் கூடுதலாகக் கேட்காமலே ஊட்டம் கூடுகிறது. மூன்று பெரும் உணவுக்குப் பதிலாக ஐந்தாறு சிற்றுணவு தரலாம். கோயமுத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957இல் தோன்றியது. அங்கு நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் இராஜம்மாள் தேவதாஸ், தானியம், பயறு, நிலக்கடலை, வெல்லம் போன்ற எளிய பொருள்களால் குழந்தைகளுக்கான சத்துக் கலவையை உருவாக்கினார். அக்கொள்கையையே முதியவர்க்கும் கையாளலாம். ராகி, பச்சைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றை வறுத்து அரைத்து வைத்தால் காலைக் கஞ்சிக்கு ஆயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை. பல நாள் ஏறத்தாழப் பட்டினியாய்க் கிடந்தவர்க்கு இரக்கத்தால் திடீரென வயிறு நிறைய ஊட்டலாகாது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்டோருள் சிலர் அவ்வாறு உண்டு மாண்டனர். திடீர் உணவால் இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டு, பொட்டாசியம் முதலிய உப்புகள் தாழ்ந்து இதயம் தடுமாறும். அத்தகையோரை மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே தேற்ற வேண்டும்.

என் தெருவில் வாழும் ஓர் அம்மாள், கணவர் மறைந்தபின் ஆறு மாதத்தில் 42 கிலோவிலிருந்து 37 கிலோவாக இளைத்தார். மருத்துவர் சோதித்து நோய் ஏதுமில்லை என்றார். ஆடிய பற்கள் இரண்டை எடுத்துவிட்டு, பருப்புக் கடையலும் குழைந்த சோறும் முட்டையும் கொடுக்கச் சொன்னார். மருமகள் இதனோடு ஒன்று சேர்த்தாள். "அத்தை, நீங்க சாப்பிட்டால்தான் நானும் சாப்பிடுவேன்" என்று இரவுதோறும் எதிரில் அமர்ந்தாள். நான்கு மாதத்தில் எடை 40 கிலோ ஆயிற்று. இப்போது அவரே கடைவீதிக்கு நடந்து செல்கிறார்.

2000ஆம் ஆண்டில் தொடங்கிய அன்னபூர்ணா திட்டம் ஓய்வூதியம் கிடைக்காத முதியோர்க்கு மாதம் 10 கிலோ தானியம் வழங்க வகை செய்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பேணுதலைப் பிள்ளைகளின் கடமையாக்கியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால் மருந்தும் செவிலியரும் வீட்டுக்கே வருகின்றனர். தாது வருடப் பஞ்சத்தின் பின் முளைத்த கருத்து இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு வளர்ந்திருக்கிறது. ஆயினும், அரிசியைத் தரும் அரசு அதைப் பல்லுக்கேற்பக் குழைத்துத் தர இயலாது. ஓய்வூதியம் கொண்டுவருபவர் எதிரில் அமர்ந்து உண்ண இயலாது. அவ்வேலை வீட்டாருக்கும் அண்டையாருக்கும் உரியது. மாணவர்களாகிய உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

உங்கள் வீட்டில் முதியவர் இருப்பின், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எடையைப் பார்த்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த மாதமும் அதே நாளில் பாருங்கள். தெருவில் தனித்து வாழும் முதியவர் இருப்பின், பகலில் அவர் என்ன உண்டார் என்று கேளுங்கள். "ஆச்சு, சாப்பிட்டேன்" என்ற விடையோடு நின்றுவிடாமல், என்ன சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். முன்பு கூறிய மாணவன் கிண்ணத்தை எடுத்துச் சென்றபோது எந்த அரசாணையையும் எதிர்பார்த்திருக்கவில்லை. அவன் சென்ற தூரம் அரைமைல்தான். அத்தூரத்தை நடக்க நம்மில் யாருக்கும் கால் உண்டு.